ஆண் பூச்சியின் மீசை சொல்லும் கணக்கு



பருத்திக் காட்டில் ஒரு குச்சியை நட்டு, மேலே வட்டமாக ஒரு மூடியும் கீழே நீளமாக ஒரு பாலிதீன் பையும் உள்ள பொறியைக் கட்டித் தொங்க விடுகிறோமே, அந்த இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். "இதைத்தான் ஆயிரம் தடவை சொல்லியாச்சே" என்று எழுந்து போய்விடாதீர்கள். எக்டேருக்கு எத்தனை பொறி, எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. இன்று சொல்லப் போவது அந்தப் பொறி பிறந்த கதை. அந்தக் கதை தெரியாததால் நானே ஒரு தடவை ஒரு விவசாயிக்குப் பெரிய நஷ்டத்தை உண்டாக்கிவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு கிராமத்தில் பொறி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அந்தச் சின்ன ரப்பர் துண்டை, கடையில் 'லூர்' என்று கேட்டு வாங்குகிறோமே அதை, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். "ஒரு வாசமும் இல்லியே தம்பி! இதுக்கா ராத்திரியில பூச்சி தேடி வரும்?" என்றார். நியாயமான கேள்வி. நம் மூக்குக்கு அதில் ஒன்றும் எட்டாது. நாய் மூக்குக்குக்கூட எட்டுமோ என்னவோ. ஆனால் ஒரு ஆண் அந்துப்பூச்சிக்கு எட்டும். அதற்கு மூக்கு கிடையாது. தலையில் முளைத்திருக்கும் இரண்டு மீசைகள்தான் அதற்கு மூக்கு. உணர்கொம்பு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாம் மீசை என்றே வைத்துக்கொள்வோம். ஆக, உங்கள் வயலில் தொங்கும் பொறியில் உணர்கிற கருவி ரப்பர் துண்டும் இல்லை, பையும் இல்லை. பறந்து வருகிற பூச்சியின் மீசைதான் கருவி. இதைப் புரிந்துகொள்ள மனிதனுக்கு அறுபது எழுபது வருஷம் பிடித்தது.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே செரிஞான் என்று ஒரு கிராமம். அங்கே ஃபாப்ர் என்று ஒருவர் இருந்தார். 1823ல் பிறந்து 1915ல் இறந்தவர். பள்ளி வாத்தியாராக இருந்து, கடைசியில் ஒரு கல்லாங்காட்டை வாங்கி, அதில் உழவு செய்யாமல் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர். நம் ஊரில் இருந்திருந்தால் பைத்தியம் என்றிருப்போம். ஒரு மே மாதம் 6ந் தேதி காலையில், அவருடைய மேசை மேல் இருந்த ஒரு கூட்டிலிருந்து பெரிய மயில்கண் அந்துப்பூச்சி ஒன்று வெளியே வந்தது. பெண் பூச்சி. அதை ஒரு கம்பிவலைக் கூண்டால் மூடி வைத்துவிட்டு மனிதர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ராத்திரி 9 மணி. பக்கத்து அறையில் அவருடைய சின்ன மகன் பாதி உடுப்போடு குதித்துக் கூச்சல் போடுகிறான், "அப்பா, வாங்க, ரூம் பூரா பூச்சி, பறவை மாதிரி பெருசு!" என்று. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், சுமார் 40 ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் புகுந்து அந்தக் கூண்டைச் சுற்றி வட்டமிடுகின்றன. அடுத்தடுத்த நாட்களிலும் வந்தன. எட்டு இரவுகளில் கிட்டத்தட்ட 150 பூச்சி. அந்த வட்டாரத்தில் அபூர்வமான பூச்சி அது. எங்கிருந்து வந்தன? இருட்டில் எப்படித் தெரிந்தது?

ஃபாப்ர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில ஆண் பூச்சிகளின் மீசையைக் கத்தரித்துப் பார்த்தார். பெண்ணை வேறு அறைக்கு மாற்றினார். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தார், ஒரு ஆணும் வரவில்லை. டப்பாவில் மயிரிழை இடைவெளி விட்டார், வந்துவிட்டன. இது வாசனைதான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் அறை முழுக்க நாப்தலின் உருண்டைகளைக் கிண்ணம் கிண்ணமாக வைத்து நாற்றம் அடிக்க வைத்தும் பூச்சிகள் தப்பாமல் பெண்ணிடம் போயின. அதனால் அவருக்கே குழப்பம். கம்பியில்லாத் தந்தி மாதிரி ஏதாவது அலையோ என்றுகூட யோசித்தார். பிறகு வேறொரு இன அந்துப்பூச்சி கிடைத்தது. அந்தப் பெண்ணைக் கண்ணாடி மூடிக்குள் ஜன்னலருகே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். முந்தின இரவு அது தங்கியிருந்த வெறும் கூண்டை அறையின் இருட்டு மூலையில் தள்ளி வைத்தார். வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பியும் பார்க்காமல், மூலையில் கிடந்த காலிக் கூண்டைப் போய் மொய்த்துக்கொண்டன! அப்போதுதான் அவருக்கு உறுதியானது, பெண் எதையோ விட்டுச் செல்கிறது, ஆண் அதைத்தான் தேடுகிறது என்று. நாம் ரப்பர் துண்டை வைத்துச் செய்கிற வேலையின் மூலம் இதுதான். பூச்சி இல்லை, பூச்சி இருந்த தடம் மட்டும் இருக்கிறது.

அந்தத் தடம் என்ன பொருள்? அதைக் கண்டுபிடிக்க ஒரு ஜெர்மன் வேதியியல் நிபுணர் இருபது வருஷம் செலவிட்டார். அடால்ஃப் பியூட்டனண்ட் என்று பெயர். மனித உடலின் பால் சுரப்புகளை ஆராய்ந்ததற்காக 1939லேயே நோபல் பரிசு அறிவிக்கப்பட்டவர். அன்றைய ஜெர்மன் அரசாங்கம் வாங்கவிடவில்லை. யுத்தம் முடிந்து நாலு வருஷம் கழித்து 1949ல்தான் கைக்கு வந்தது. அவர் எடுத்துக்கொண்ட பூச்சி நமக்குத் தெரிந்த பட்டுப்பூச்சி. ஓசூர், தருமபுரி, தாளவாடிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டை விட்டு வந்த பெண் பூச்சி ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்று நுனியைப் பிதுக்கும். ஆண் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, ஆனாலும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து போய்ச் சேரும். அந்தப் படபடப்புதான் பியூட்டனண்டுக்கு அளவுகோல். வயிற்று நுனியிலிருந்து எடுத்த சாற்றைப் பல பங்காகப் பிரிப்பார். ஒவ்வொரு பங்கிலும் ஒரு கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து ஆண் பூச்சியின் மீசைக்கு அருகில் காட்டுவார். இறக்கை அடித்தால் சரக்கு இந்தப் பங்கில் இருக்கிறது. அடிக்காவிட்டால் அந்தப் பங்கைத் தள்ளிவிடலாம்.

இப்படி 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை அறுத்தெடுத்து, கடைசியில் கையில் மிஞ்சியது சில மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் ஒரு துளி. 1959ல் அதன் அமைப்பை உலகத்துக்கு அறிவித்தார். 16 கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு வகை ஆல்கஹால். பட்டுப்பூச்சியின் லத்தீன் பெயரை வைத்து பாம்பிகால் என்று பெயரிட்டார்கள். ஒரு பூச்சி விடும் பொருள் அதே இனத்தின் இன்னொரு பூச்சியை இயக்கினால் அதற்கு ஃபெரமோன் என்று பெயர் வைத்ததும் அதே 1959ல்தான். கார்ல்சன், லூஷர் என்ற இருவர் வைத்த பெயர். இந்த ஆராய்ச்சியில் எத்தனையோ கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. ஆனால் இருபது வருஷமும் "இது சரி, இது தப்பு" என்று தீர்ப்புச் சொன்னது ஆண் பூச்சியின் மீசைதான்.

அப்படியானால் பூச்சி இறக்கை அடிக்கும் வரை காத்திருப்பானேன்? மீசையையே நேராகக் கேட்டால் என்ன? இப்படி யோசித்தவர் டீட்ரிக் ஷ்னைடர் என்ற இன்னொரு ஜெர்மானியர். டியூபிங்கன் என்ற ஊரில், 1957ல், அவர் செய்தது பார்க்க எளிய காரியம். ஆண் பட்டுப்பூச்சியின் ஒரு மீசையை வெட்டி எடுத்தார். உப்புத் தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே, ஆற்றுக்குக் குறுக்கே மூங்கில் வைத்த மாதிரி, அந்த மீசையைப் பொருத்தினார். இரண்டு பக்கமும் மின் கம்பி. நடுவில் பெண் பூச்சியின் வாசனைக் காற்றை லேசாக ஊதினார். மின்மானியின் முள் சரிந்தது! டார்ச் லைட்டில் போடும் ஒரு செல் ஒன்றரை வோல்ட். இங்கே கிடைத்தது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. ஆனாலும் அளந்துவிட்டார். பெண் பூச்சியின் மீசையை வைத்து அதே வாசனையை ஊதினால் முள் அசையவில்லை. தன் வாசனை அதற்கே தெரியாது.

வெட்டின மீசை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். பறித்த பூ சாயங்காலம் வரை வாடாமல் இருக்கிறது இல்லையா, அதுபோலச் சில மணி நேரம் அதில் உயிர் இருக்கும். ஆண் பட்டுப்பூச்சியின் மீசை ஒரு சீப்பைப் போல இருக்கும். ஒரு மீசையில் இந்த ஒரு வாசனைக்கென்றே சுமார் 17,000 நுண்ணிய மயிர்கள். ஒவ்வொரு மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வாசனைத் துகள் துளை வழியே உள்ளே போய், அங்கே அதற்கென்று அமைந்த புரதத்தில் உட்கார்ந்தால் நரம்பில் ஒரு துடிப்பு. ஷ்னைடரோடு வேலை செய்த கைஸ்லிங், பிரீஸ்னர் இருவரும் 1970ல் கணக்கிட்டுச் சொன்னது இன்னும் ஆச்சரியம். ஒரே ஒரு துகள் போதும், ஒரு மயிரில் ஒரு துடிப்பு உண்டாக்க. ஒரு விநாடிக்குச் சுமார் 200 மயிர்களில் ஆளுக்கொரு துகள் பட்டால், ஆண் பூச்சி கிளம்பிவிடும். இதற்கு மேல் நுட்பமாக ஒரு கருவி இருக்க முடியாது. ஒன்றுக்குக் கீழே பாதித் துகள் என்று ஒன்று இல்லையே.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய பகுதி வருகிறது.

1959க்குப் பிறகு எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு பயிர்ப் பகைப் பூச்சிக்கும் பெண்ணின் வாசனையைக் கண்டுபிடித்து, ஆலையில் செய்து, பொறி வைத்து ஆண்களைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று. அமெரிக்காவில் காட்டு மரங்களை மொட்டையடிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சிக்கு வாசனையைக் கண்டுபிடித்துவிட்டதாக 1960ல் அரசாங்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதே மாதிரி செயற்கையாக ஒன்றும் தயாரித்தார்கள். ஆனால் வெளியில் வைத்தபோது நினைத்தபடி பூச்சி வரவில்லை. பத்து வருஷம் கழித்து, 1970ல்தான், முதலில் சொன்ன பொருளே தப்பு, சரியானது வேறொன்று என்று தெரிந்தது.

நம் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் இதே கதிதான். இந்தப் புழு நம் பக்கத்துச் சரக்கு. குஜராத்தின் பரூச் பகுதிப் பருத்தியிலிருந்து அனுப்பிய பூச்சிகளை வைத்துத்தான் 1840களில் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு முதன்முதலில் பெயரிட்டார். விதைக்குள் ஒளிந்து தேசம் தேசமாகப் போய் 1917ல் அமெரிக்காவில் டெக்சாஸ் வரை எட்டிவிட்டது. 1966ல் அதன் பெண் விடும் வாசனை இதுதான் என்று ஒரு பொருளைச் சொன்னார்கள், புரோப்பிலூர் என்று பெயர். செய்து வைத்துப் பார்த்தால் ஆண் பூச்சி சட்டை பண்ணவில்லை. பிறகு ஆலைப் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து ஹெக்சலூர் என்று ஒன்றைப் பிடித்தார்கள். அதற்கு ஏதோ கொஞ்சம் வந்தன. 1973ல்தான் கலிபோர்னியாவில் ஹும்மெல் என்பவரும் கூட்டாளிகளும் சரியானதைச் சொன்னார்கள். அது ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள். அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, ஓரிடத்தில் வளைவு மட்டும் வேறு. ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தால்தான் ஆண் வரும்.

வளைவு மாறினால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஒரே கொல்லர், ஒரே இரும்பில், ஒரே எடையில் இரண்டு அரிவாள் அடிக்கிறார். ஒன்றின் வளைவு உள்பக்கம், மற்றதன் வளைவு வெளிப்பக்கம். தராசில் இரண்டும் சமம்தான். கதிர் அறுக்கப் போனால் தெரிந்துவிடும். வேதியியல் கூடத்தின் அந்தக் காலத்துத் தராசு வளைவைச் சரியாகப் பார்க்கவில்லை. பூச்சியின் மீசை பார்த்தது.

இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வெண்டல் ரூலஃப்ஸ். ஆப்பிள் பழத்தைக் குடையும் அந்துப்பூச்சிக்கு வாசனை தேடினார். லட்சக்கணக்கில் பெண் பூச்சிகளை அறுக்காமல், ஷ்னைடர் வழியில் ஆண் பூச்சியின் மீசையை மின்மானியில் பூட்டினார். ஒரு இடத்தில் வளைவுள்ள பொருள், அடுத்த இடத்தில் வளைவுள்ள பொருள் என்று வரிசையாகத் தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊதினார். முள் எங்கே அதிகம் சரிகிறதோ அங்கேதான் சரியான வளைவு. 8வது இடத்திலும் 10வது இடத்திலும் மீசை துள்ளியது. 1971ல் விடை கிடைத்துவிட்டது. இருபது வருஷ வேலை எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். அதற்குப் பிறகு, சாற்றைப் பிரிக்கிற யந்திரத்தின் வாயிலேயே மீசையைப் பொருத்தி, பிரிந்து வருகிற ஒவ்வொரு பொருளையும் அங்கேயே மீசையிடம் கேட்கும் முறை வந்தது. 1975ல் சுவிட்சர்லாந்தில் ஆர்ன் என்பவரும் தோழர்களும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று நீங்கள் கத்தரிக்கும் தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்குகிற கவர்ச்சிப் பொருள்களெல்லாம் இந்த மாதிரி ஆராய்ச்சியின் வழியில் வந்தவைதான்.

இப்போது என் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான் வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மானாவாரிப் பருத்தி நல்ல விளைச்சலாக நின்ற கிராமம் ஒன்று. மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தபிறகு காய்ப்புழுவைப் பற்றியே பலர் மறந்துவிட்ட காலம். 2010லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒரு மரபணு பி.டி.க்கு அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆகவே நாமும் பொறி வைத்துக் கவனிப்போம் என்று ஒரு பையில் லூர்களைப் போட்டுக்கொண்டு போனேன். பையில் இரண்டு வகை இருந்தன, பச்சைக் காய்ப்புழுவுக்கு ஒன்று, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒன்று. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி ரப்பர் துண்டு. உறையைக் கிழித்து ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தேன். வெயில், அவசரம். அந்த விவசாயியின் காட்டில் நான் வைத்ததெல்லாம் பச்சைக் காய்ப்புழுவின் லூர். அந்த வருஷம் பச்சைக் காய்ப்புழு அதிகம் இல்லை. பை காலி.

அவர் தினமும் பார்த்தார். "ஒண்ணும் விழலீங்க சார், மருந்து அடிக்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் பெருமையாக, "பூச்சி இல்லேன்னா எதுக்கு அண்ணே மருந்து? காசை மிச்சம் பண்ணுங்க" என்றேன். முதல் எடுப்பு நன்றாக வந்தது. இரண்டாவது எடுப்பில் காய் சரியாக வெடிக்கவில்லை. பாதி வெடித்த காயில் பஞ்சு பழுப்பேறிக் கட்டி கட்டியாக நின்றது. பிளந்து பார்த்தால் விதைக்குள் சிவப்புப் புழு. வியாபாரி கறைப் பருத்தி என்று விலையைப் பாதியாக அடித்தார். அவர் என்னிடம் கோபப்படவில்லை. "மீசை இருக்கிற பூச்சிக்குத் தெரியுது, நமக்குத் தெரியலயே சார்" என்று மட்டும் சொன்னார். பொறியைக் கழற்றி, லூரின் உறையைத் தேடி எடுத்துப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் பெரிய விஞ்ஞானிகள் பத்து வருஷம் செய்த தப்பும் நான் ஒரு பருவத்தில் செய்த தப்பும் ஒரே வகைதான். பொறி காலியாக இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. பூச்சி இல்லை என்பது ஒன்று. நாம் வைத்ததைப் பூச்சியின் மீசை ஏற்கவில்லை என்பது இன்னொன்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். ஏனென்றால் முட்டையிலிருந்து வந்த குட்டிப் புழு காய்க்குள் போன துளை உடனே மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் பச்சைப் பசேலென்று இருக்கும். உள்ளே போன புழுவை எந்த மருந்தும் தொடாது. ஆகவே அந்துப்பூச்சி பறக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால்தான் வழி. அதைச் சொல்லக்கூடியது பொறி ஒன்றே.

இந்த மீசையை வைத்து வெளிநாட்டில் இன்னும் என்னென்னவோ செய்கிறார்கள். கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்க ருசியாக இருக்கும். திராட்சைத் தோட்டங்களில் வாசனைக் குழாய்களை நிறையக் கட்டி, காற்று முழுக்கப் பெண் வாசனையாக்கி, ஆண் பூச்சி எங்கே போவதென்று தெரியாமல் திண்டாடவிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இந்த முறை 1978லேயே அனுமதி பெற்றது. அப்படிக் கட்டினால் வாசனை தோட்டம் முழுக்கப் பரவியிருக்கிறதா, மேட்டில் குறைவா, ஓரத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறதா என்று எப்படி அறிவது? ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற ஊரில் கோக் என்பவரின் குழு, பூச்சி மீசையைப் பொருத்திய கையடக்கக் கருவியோடு தோட்டத்துக்குள் நடந்து அளந்தது. 1992ல் அதைப் பற்றி எழுதினார்கள். சர்க்கரை அளவு பார்ப்பது போலத் தோட்டக் காற்றில் வாசனை அளவு பார்க்கும் கருவி.

அதே நாட்டில் ஷூட்ஸ் என்பவரும் நண்பர்களும் உருளைக்கிழங்கு வண்டின் மீசையை டிரான்சிஸ்டரில் ஒட்டவைத்தார்கள். ரேடியோவில் இருக்கிறதே, அந்த டிரான்சிஸ்டர் இனத்தைச் சேர்ந்ததுதான். இலை கடிபட்ட உருளைச் செடி ஒரு வாசனை விடும். அறுத்த புல்லின் வாசனை மாதிரி. அதை அந்த மீசை பிடித்து மின்சாரமாகச் சொல்லும். செடி அடிபடுவதைச் செடியின் மூச்சிலேயே தெரிந்துகொள்கிற முயற்சி, 1996ல். 1999ல் அதே ஷூட்ஸ், காட்டுத்தீயைத் தேடிப் போய் எரிந்த மரத்தில் முட்டையிடும் ஒரு வண்டின் மீசை, புகையில் உள்ள ஒரு பொருளை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கண்டுகொள்கிறது என்று காட்டினார். எல்லோரும் தீயிலிருந்து ஓட, இது தீயை நோக்கி ஓடுகிறது. பிழைப்பு அப்படி.

2020ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கை அளவு டிரோன் ஒன்றில், புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் மீசையைப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். பூச்சியைக் குளிரில் வைத்து மயக்கி மீசையை எடுத்தார்களாம். வாசனை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் டிரோன் தானே திரும்பிப் போயிற்று. ஆனால் மீசைக்கு ஆயுசு நாலு மணி நேரம். அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் மீசையை விட்டுவிட்டு, அதற்குள் வாசனையைப் பிடிக்கும் அந்தப் புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறார்கள். பட்டுப்பூச்சியில் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஜப்பானில் 2004ல் கண்டுபிடித்தார்கள். அதை வேறு உயிரணுக்களில் புகுத்தி, வாசனை பட்டால் ஒளி விடும்படிகூடச் செய்துவிட்டார்கள். அது உங்கள் வயலுக்கு எப்போது வரும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. நாலு மணி நேரத்தில் சாகாத மீசை உங்கள் வயலில் ராத்திரி முழுக்கச் சும்மா பறந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சம்பளமும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அந்த மீசையிடம் சரியாகக் கேட்பதற்கு என்ன செய்வதென்று இரண்டொரு வார்த்தை. லூரின் உறையில் பூச்சியின் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்த பிறகே பிரியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு வகை லூரை ஒரே பையில் போடாதீர்கள், ஒன்றைத் தொட்ட கையால் மற்றதைத் தொடாதீர்கள். நம் மூக்குக்கு இல்லாத வாசனை நம் விரலில் ஒட்டியிருக்கும். மிச்சத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், மோட்டார் கொட்டகைத் தகரத்துக்குக் கீழே வேண்டாம். உறையில் சொன்ன நாள் ஆனதும், பூச்சி விழுந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பொறி பயிருக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும், பயிர் வளர வளர அதையும் ஏற்றுங்கள். எக்டேருக்கு 5 பொறி வைத்தால் கவனிக்கப் போதும். காலையில் எண்ணி எழுதிவிட்டுப் பையைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய பூச்சியும் இன்றைய கணக்கில் சேர்ந்துவிடும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒரு பொறியில் ஒரு இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால்தான் மருந்துக்கு யோசிக்க வேண்டும். ஒரு நாள் 15 விழுந்து மறுநாள் 2 என்றால் பொறுங்கள். கூடவே 20 பச்சைக் காயைப் பறித்துப் பிளந்தும் பார்த்துவிடுங்கள்.

நான் நஷ்டப்படுத்தின விவசாயி இப்போதும் பருத்திதான் போடுகிறார். அடுத்த பருவமே வந்து, "பொறி குடுங்க சார், உறையோட குடுங்க" என்று வாங்கிப் போனார். காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் கணக்கு எழுதுகிறார். போன வருஷம் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகப் போன் பண்ணினார். "முந்தாநாள் ஒம்போது, நேத்து எட்டு, இன்னைக்கும் எட்டு. ஆனா அதுல ஒண்ணு கொஞ்சம் பெருசா, வேற நிறமா தெரியுது. அதைச் சேக்கணுமா, கழிக்கணுமா?" என்றார். போனில் சொல்ல முடியவில்லை. "பையை அவுக்காம வையுங்க அண்ணே, வந்துகிட்டே இருக்கேன்" என்று வண்டியை எடுத்தேன்.